சொந்த வலைத்தளத்தை நீங்களே கையாள: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை, பத்தமடைப் பாய் நெய்கிற குடும்பம், அம்மன் கோயில் கொடைக் (திருவிழா) கமிட்டி, பாளையங்கோட்டையில் டியூஷன் நடத்தும் ஆசிரியை என்று பலர் இப்போது சொந்தமாக வலைத்தளம் வைத்திருக்கிறார்கள். ஆனால் உளுந்து விலை ஏறி அப்பளத்தின் விலையை மாற்றவேண்டும் என்றால்கூட, தளத்தைச் செய்துகொடுத்தவருக்குப் போன் போட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு தேவையில்லை. பாளையில் இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கோப்புகளின் பெயர்களைத் தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன்; உங்கள் திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

வலைத்தளம் எங்கே இருக்கிறது? கூகுளிலா?

கூகுளில் இல்லை. கூகுள் தேடிக் காட்டுவதோடு சரி. உங்கள் தளம் ஏதோ ஓர் ஊரில் இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில், அதாவது சர்வரில், சில ஃபோல்டர்களுக்குள் கோப்புகளாக இருக்கிறது. எழுத்துக்கு ஒரு கோப்பு, தோற்றத்துக்கு ஒரு கோப்பு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்பு. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி உலகுக்குத் திறந்துவிட்ட முதல் தளமும் இப்படிச் சில கோப்புகள்தான். இன்று எவ்வளவு பெரிய தளமானாலும் அடிப்படை அதுவே. கணினியில் ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, சேமிக்கத் தெரிந்தவர் இந்த வேலையில் பாதியைக் கற்றுவிட்டார்.

டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

டவுனில் ரத வீதியில் வாடகைக்குக் கடை பிடிக்கிறீர்கள். கடை இடம் ஹோஸ்டிங், அதாவது உங்கள் கோப்புகள் இருக்கும் சர்வர் இடம். உங்கள் கடைப் பெயர் டொமைன், அதாவது உலாவியில் தட்டும் முகவரி. வாடகை இடத்தை மாற்றினாலும் பெயரை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்தப் பெயரை வேறொருவர் தன் பெயரில் பதிவுசெய்து வைத்திருந்தால், நீங்கள் எங்கே போனாலும் அவர் கையைத்தான் பார்த்து நிற்கவேண்டும்.

தளம் செய்துகொடுத்த தம்பி இப்போது போன் எடுப்பதில்லை, அண்ணாச்சி. என்ன செய்ய?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. என் மனதை அதிகம் வருத்துவதும் இதுதான். வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பெயர், படங்கள், வாடிக்கையாளர் தேடி வரும் முகவரி எல்லாம் இன்னொருவருடைய மின்னஞ்சலில் பூட்டிக் கிடக்கிறது. அவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை. வேலை கிடைத்துச் சென்னைக்கோ துபாய்க்கோ போயிருப்பார், பழைய எண்ணை விட்டிருப்பார்.

முதலில் டொமைன் எந்த நிறுவனத்தில், எந்த நாளில் பதிவானது, என்று முடிகிறது என்று பாருங்கள். "ஹூஇஸ்" என்று தேடினால் இதைக் காட்டும் பக்கங்கள் வரும். உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆனால் பதிவு நிறுவனத்தின் பெயரும் முடியும் தேதியும் தெரியும், அந்த இரண்டும் போதும். பிறகு உங்கள் பழைய மின்னஞ்சல்களில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பலருக்கு அவர்கள் மறந்துபோன ஜிமெயிலிலேயே பதிவு இருந்திருக்கிறது. அப்படியானால் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

செய்துகொடுத்தவரின் கணக்கில் இருந்தால், அவரைத் தேடிப்பிடித்து நல்ல முறையில் கேளுங்கள். நீங்கள் கேட்கவேண்டியது "டிரான்ஸ்ஃபர் கோடு". டாட் காம் பெயர் என்றால் அவர் பூட்டை நீக்கி அந்தக் குறியீட்டைத் தந்துவிட்டால் போதும், பெயர் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். புதிதாகப் பதிவு செய்த பெயரை முதல் 60 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்றமுடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது பெரும்பாலும் இதைவிடச் சுலபம்.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் உள்ளடக்கத்தை மீட்கலாம். தளம் இன்னும் திறக்கிறது என்றால் இன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் உலாவியில் சேமித்துக்கொள்ளுங்கள். தளமே போய்விட்டது என்றால், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் "வேபேக் மெஷின்" பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எல்லாத் தளமும் அங்கே இருக்காது, எல்லாப் படமும் வராது. ஆனால் எழுத்து கிடைத்தாலே பெரிய விஷயம்.

இனிமேல் புதிதாகத் தளம் செய்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில், உங்கள் பணத்தில் பதிவு செய்யுங்கள். வடிவமைக்கும் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள்.

எங்கள் சாஸ்தா கோயிலுக்கு ஒரு தளம் வேண்டும். வேர்ட்பிரஸ்தான் போடவேண்டுமா?

வேர்ட்பிரஸ் என்பது தளத்தை உருவாக்கி நிர்வகிக்க உதவும் மென்பொருள். உங்களுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். பங்குனி உத்திரத்துக்குக் குடும்ப சாஸ்தாவைக் கும்பிட மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு என்ன தேவை? எந்த ஊரில் இறங்கவேண்டும், குளக்கரை வழியா வயல் வழியா, பூசாரி எந்த நேரத்தில் இருப்பார், பொங்கல் வைக்க என்ன கொண்டுவரவேண்டும், போன வருஷப் படங்கள் நாலைந்து. இதற்கு ஹெச்டிஎம்எல் என்ற வலைப்பக்க மொழியில் எழுதிய மூன்று நான்கு பக்கங்கள் போதும். டேட்டாபேஸ் (தகவல்களைச் சேர்த்துவைக்கும் கிடங்கு) கிடையாது, அப்டேட் கிடையாது, யாராவது உள்ளே புகுந்து கெடுக்க வழியும் மிகக் குறைவு. பத்து வருஷம் தொடாமல் விட்டாலும் திறக்கும். கோயில் கமிட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

இப்படிப்பட்ட எளிய தளங்களை இலவசமாக வைக்கவும் இடம் இருக்கிறது. கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் 1 ஜிபி அளவு வரை வைக்கலாம், உங்கள் சொந்த டொமைனையும் அதில் இணைக்கலாம். இலவசக் கணக்கில் உங்கள் மூலக் கோப்புகளை யாரும் பார்க்கலாம் என்பதால், பாஸ்வேர்டு மாதிரி எதையும் அங்கே போடக்கூடாது.

வாரம் ஒரு முறையாவது புதிதாக எழுதுவீர்கள், பொருட்களை விற்பீர்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதுவீர்கள் என்றால் வேர்ட்பிரஸ் சரி. 2003-ல் தொடங்கிய அது இலவச மென்பொருள். தமிழ்நாட்டில் உதவி கேட்க ஆள் கிடைப்பதும் சுலபம்.

கோப்புகளை எங்கே போய்ப் பார்ப்பது?

இரண்டு வழி. ஹோஸ்டிங் கணக்குக்குள் நுழைந்தால் சிபேனல் போன்ற ஒரு பலகை வரும். அதில் "ஃபைல் மேனேஜர்" இருக்கும். உலாவியிலேயே திறக்கலாம், திருத்தலாம், ஏற்றலாம். சின்னத் திருத்தங்களுக்கு இதுவே போதும்.

இன்னொன்று எஃப்டிபி, அதாவது உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் நடுவே கோப்புகளை அனுப்பும் முறை. உங்கள் கணினியில் ஃபைல்ஜில்லா போன்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால், இடது பக்கம் உங்கள் கணினி, வலது பக்கம் சர்வர். இழுத்துப் போட்டால் ஏறிவிடும். நூறு படங்களை ஏற்றவேண்டும், முழுத் தளத்தையும் இறக்கிக்கொள்ளவேண்டும் என்றால் இது வசதி. இந்த எஃப்டிபி முறையை 1971-ல் முதலில் எழுதி வெளியிட்டவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்ஐடி போனவர். நம் நாட்டில் படித்த ஒருவர் அரை நூற்றாண்டுக்கு முன்னால் வகுத்துத்தந்த முறையில்தான் இன்றைக்கும் கோப்புகள் ஏறி இறங்குகின்றன என்று சொன்னால், வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கும் அது பெருமையான செய்திதான்.

ஆனால் அந்தக் காலத்து எஃப்டிபி உங்கள் பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும். அதனால் உங்கள் ஹோஸ்டிங்கில் எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இணைக்கும்போது போர்ட் எண் கேட்டால், பழையதற்கு 21, எஸ்எஃப்டிபிக்கு வழக்கமாக 22. ரயில்நிலையம், டீக்கடை போன்ற பொது வைஃபையில் பழைய எஃப்டிபியில் நுழையவே நுழையாதீர்கள்.

உள்ளே போனால் நூற்றுக்கணக்கில் கோப்புகள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

"பப்ளிக்_ஹெச்டிஎம்எல்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உலகத்துக்குத் தெரிவது அதற்குள் இருப்பது மட்டுமே. அதற்கு வெளியே மின்னஞ்சல், பதிவேடுகள் என்று இருப்பவற்றைத் தொட உங்களுக்கு வேலை வராது.

எளிய தளம் என்றால் உள்ளே "இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்" இருக்கும். வாசகர் உங்கள் முகவரியைத் தட்டியதும் சர்வர் முதலில் தேடுவது இதைத்தான். இதை அழித்துவிட்டாலோ பெயர் மாற்றிவிட்டாலோ முகப்பே காணாமல் போகும்.

வேர்ட்பிரஸ் என்றால் மூன்று ஃபோல்டர்கள் தெரியும். டபிள்யூபி-அட்மின், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் இரண்டும் வேர்ட்பிரஸுக்குச் சொந்தம். அவற்றில் கை வைக்கக்கூடாது, வைத்தாலும் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். டபிள்யூபி-கன்டென்ட்தான் உங்களுடையது. அதற்குள் தீம்கள் (தளத்தின் தோற்றம்), பிளக்இன்கள் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்கள்), வருஷம் மாதம் பிரித்து நீங்கள் ஏற்றிய படங்கள். "டபிள்யூபி-கன்ஃபிக்.பிஹெச்பி" என்ற கோப்பில் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், உதவி செய்கிறேன் என்று சொல்பவருக்கும்.

புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் மறைந்திருக்கும். சர்வருக்கான கட்டளைகள் உள்ள "எச்டிஆக்சஸ்" என்பது அப்படி ஒன்று. ஒரு எழுத்து தவறினாலும் மொத்தத் தளமும் நின்றுவிடும் அளவுக்கு அதற்கு அதிகாரம் உண்டு.

எதைத் தொடும் முன்பும் இதைச் செய்யுங்கள். அந்தக் கோப்பை முதலில் உங்கள் கணினிக்கு இறக்கி, பெயரோடு தேதியைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு, ஒரு மாற்றம். தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கெட்டுப்போனால் பழையதை மறுபடி ஏற்றினால் ஒரு நிமிஷத்தில் சரி. இந்தப் பழக்கம் வந்தவர்களுக்குக் கோப்புகளைக் கண்டு பயம் போய்விடுகிறது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் கணினியில் படம் தெரிகிறது, தளத்தில் தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் பெயர்தான் காரணம். விண்டோஸுக்குப் பெரிய ஆங்கில எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன, அதற்கு அவை வேறு வேறு. கேமரா படத்தின் வால்பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு வைத்தால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அதோடு, படத்தின் முகவரி உங்கள் கணினியின் "சி" டிரைவைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். அந்த முகவரி உங்கள் மேசையில் மட்டும்தான் வேலை செய்யும்.

கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முகவரி நீளும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுத்துக்கொள்ளும். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக மாறும். "திருநெல்வேலி" என்பது நமக்கு 6 எழுத்து. கணினிக்கு 12 குறி, அதாவது 36 பைட். முகவரியில் அது 108 எழுத்தாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார்.

என் கருத்து: பக்கத்தின் தலைப்பும் உள்ளே உள்ள எழுத்தும் தமிழில் இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கோப்பின் பெயர் மட்டும் சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழில் டொமைன் வேண்டும் என்றால் ".இந்தியா" என்று முடியும் பெயரைப் பதிவு செய்யலாம். டாட் இன்னைக் கவனிக்கும் நிக்ஸி அமைப்பின் கீழ்தான் அதுவும் வருகிறது. ஆனால் கூடவே ஓர் ஆங்கிலப் பெயரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கு எடுத்த படங்களை எல்லாம் ஏற்றினேன், தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது.

இன்றைய போனில் ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், சாமியாட்டம், பொங்கல் என்று 60 படம் ஏற்றினால் ஒரே பக்கத்தில் 200 எம்பிக்கு மேல். மலையடிவார ஊரில் ஒரு கோடு சிக்னலில் நின்று பார்க்கிறவருக்கு அது எப்படித் திறக்கும்?

ஏற்றும் முன்பே சிறிதாக்குங்கள். நீளப் பக்கம் 1200 பிக்சல் போதும். படங்களின் வழக்கமான வடிவமான ஜேபெக்கில் தரத்தை 75 அல்லது 80-ல் வையுங்கள், வெப்பி வடிவத்தில் சேமிக்க முடிந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான படங்கள் 200 கேபி பக்கம் வந்துவிடும். வேர்ட்பிரஸ் 5.3-லிருந்து 2560 பிக்சலுக்கு மேல் போகும் படங்களைத் தானே குறுக்கிக் காட்டும். ஆனால் மூலப் படத்தையும் வைத்துக்கொண்டு, கூடவே பல அளவில் நகல்களும் எடுக்கும். ஹோஸ்டிங் இடம் எப்படி நிரம்புகிறது என்று தெரியாமல் நிற்பவர்கள் படங்களின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், விடை அங்கே இருக்கும்.

பத்தமடைப் பாய் விற்பவர்கள் இதில் கொஞ்சம் வேறு மாதிரி செய்யவேண்டும். அந்தப் பாயின் மதிப்பே கோரையின் மெல்லிய இழையில் இருக்கிறது. தரத்தை அதிகம் குறைத்தால் ஜேபெக் முதலில் அந்த நுண்ணிய கோடுகளைத்தான் கலங்கடிக்கும், பட்டுப்பாயும் பிளாஸ்டிக் பாயும் ஒரே மாதிரி தெரியும். முழுப் பாயையும் காட்ட ஒரு சாதாரணப் படம், நெசவை மட்டும் மிக அருகில் எடுத்த ஒரு நல்ல தரப் படம் என்று இரண்டாக வையுங்கள். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் என்றால், வாங்கியவர்களின் சம்மதம் இல்லாமல் பெயர் தெரிகிற படத்தைப் போடாதீர்கள்.

இன்னொன்று. போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு ஒளிந்திருக்கலாம். வீட்டில் எடுத்த படம் என்றால் உங்கள் வீட்டின் இருப்பிடமே வெளியே போகும். ஏற்றுவதற்கு முன் போனில் அந்தக் குறிப்பை நீக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அச்சகத்தில் வாங்கிய தமிழ் நோட்டீஸை ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்தாக வருகிறது.

அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். எழுத்துரு இல்லாத இடத்தில் உண்மை வெளியே வந்துவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிய பிறகு ஒட்டுங்கள். மாற்றிய பின் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஸ்ரீ, ஔ, சில வடமொழி எழுத்துகள் இடம் மாறியிருக்கும்.

யூனிகோடில் எழுதியும் தளத்தில் விசித்திரக் குறிகளாக வந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக்குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரி இருக்கிறதா என்றும், கோப்பும் அதே முறையில் சேமிக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

நிறம், எழுத்தின் அளவு இவற்றை மாற்ற எதைப் படிக்கவேண்டும்?

சிஎஸ்எஸ். 1994-ல் ஹோகன் வியூம் லீ முன்வைத்து, 1996 டிசம்பரில் முதல் வடிவம் வந்த முறை. எழுத்து ஒரு கோப்பில், தோற்றம் இன்னொரு கோப்பில் என்று பிரித்ததுதான் அது செய்த பெரிய நன்மை. தோற்றக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் ஐம்பது பக்கமும் மாறும். எந்தப் பகுதி, அதன் எந்தக் குணம், என்ன அளவு என்ற மூன்றுதான் ஒரு கட்டளைக்குள் இருக்கும்.

கற்க நல்ல இடம் உங்கள் உலாவியே. கணினியில் தளத்தைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்துங்கள். ஒரு பலகை திறக்கும். தலைப்பைச் சுட்டினால் அதன் நிறம், அளவு எல்லாம் பட்டியலாக வரும். அங்கேயே மாற்றிப் பார்க்கலாம். உங்கள் திரையில் மட்டும் மாறும், பக்கத்தை மறுபடி திறந்தால் பழையபடி வந்துவிடும். அதனால் தாராளமாக விளையாடுங்கள். பிடித்தது கிடைத்ததும் அந்த வரியை எடுத்து உண்மையான கோப்பில் போடுங்கள்.

வேர்ட்பிரஸில் தீமின் கோப்பை நேராகத் திருத்தாதீர்கள், தீம் அப்டேட் ஆகும் அன்று உங்கள் உழைப்பு முழுக்கப் போய்விடும். நாலைந்து வரி மாற்றம் என்றால் "அடிஷனல் சிஎஸ்எஸ்" பகுதியில் எழுதலாம். பெரிய மாற்றம் என்றால் "சைல்டு தீம்" என்ற தனி ஃபோல்டர் செய்து அதில் எழுதுங்கள். மூலத் தீம் எத்தனை முறை மாறினாலும் உங்களுடையது அப்படியே நிற்கும்.

தமிழ் எழுத்து நெருக்கமாக, படிக்கச் சிரமமாக இருக்கிறதே?

தீம்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்கிறார்கள். நம் எழுத்துக்குக் கீழே உகரக் குறி, மேலே இகரக் குறி, புள்ளி. ஆங்கிலத்துக்குப் போதும் வரி இடைவெளி நமக்கு இடிக்கும். வரி உயரத்தை எழுத்தளவில் 1.7 அல்லது 1.8 மடங்கு வைத்துப் பாருங்கள், பக்கமே மூச்சுவிடும். எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சலுக்குக் குறையவேண்டாம். ஊரில் உங்கள் தளத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்ட பெரியவர்கள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் கட்டளை தீமில் இருந்தால் தமிழுக்கு அதைப் பூஜ்யமாக்குங்கள், கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கக்கூடாது. சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அதற்கென்று தனி வடிவம் இல்லாததால் உலாவி எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும், பார்க்க நன்றாக இராது. இரண்டு ஓரமும் சமமாக நிரப்புவதையும் போன் திரையில் தவிர்க்கலாம். நம் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். மிக நீளமான சொல் திரையைவிட்டு வெளியே போனால் அதை உடைத்து அடுத்த வரிக்கு இறக்க ஒரு சிஎஸ்எஸ் கட்டளை உண்டு, "ஓவர்ஃப்ளோ-ராப்" என்று தேடுங்கள்.

எழுத்துரு என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை இவையெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். நீண்ட வாசிப்புக்கு முதல் இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு, இரண்டு தடிமன் போதும். எழுத்துருக் கோப்பும் இறங்க டேட்டா செலவாகிறது.

கோப்பை மாற்றி ஏற்றிவிட்டேன், தளத்தில் பழையதே தெரிகிறது.

உலாவி பழைய நகலை நினைவில் வைத்திருக்கிறது. கணினியில் கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள். போனில் தனிமறைவுப் (இன்காக்னிட்டோ) பக்கத்தில் திறந்து பாருங்கள். அப்போதும் பழையது வந்தால் பக்கங்களின் நகலைச் சேர்த்துவைக்கும் கேஷ் பிளக்இன் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று பார்த்து அதைத் துடையுங்கள்.

தளம் திடீரென்று வெள்ளையாக நிற்கிறது. எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. பதறி எதையும் அழிக்காதீர்கள். வேர்ட்பிரஸில் இது பெரும்பாலும் ஒரு பிளக்இன் மக்கர் செய்வதால் வருவது. நிர்வாகப் பக்கமும் திறக்காது என்றால் ஃபைல் மேனேஜரில் டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் போய் "பிளக்இன்ஸ்" ஃபோல்டரின் பெயரை வேறாக மாற்றுங்கள். எல்லாப் பிளக்இன்னும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். தளம் திறந்தால் காரணம் அங்கேதான். பெயரைப் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாக இயக்கி எது என்று கண்டுபிடியுங்கள்.

எண்ணோடு பிழை வந்தால், 404 என்பது கேட்ட கோப்பு அந்த இடத்தில் இல்லை, 403 என்பது பார்க்க அனுமதி இல்லை, 500 என்பது சர்வருக்குள் ஏதோ முறிந்தது. 500 வந்தால் கடைசியாக நீங்கள் திருத்திய கோப்பை முதலில் சந்தேகப்படுங்கள்.

644, 755 என்கிறார்களே, அது என்ன?

யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கமும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர். கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 வைத்தால் பெரும்பாலும் சரி. 777 வைத்தால் எல்லாம் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், யாரும் எழுதிவிட்டுப் போகலாம் என்று கதவைத் திறந்துவைப்பது அது.

பேக்அப் எப்படி எடுப்பது? கடைக் கணினியில் ஒரு நகல் இருந்தால் போதாதா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. கடைக்குள் தண்ணீர் புகுந்தால் கணினியும், அதன் பக்கத்து மேசையில் வைத்த ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். ஆகவே நகல் மூன்று, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்றாவது வேறு ஊரில் அல்லது கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் என்ற பழைய விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எளிய ஹெச்டிஎம்எல் தளம் என்றால் பப்ளிக்_ஹெச்டிஎம்எல் ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து இறக்கினால் முடிந்தது. வேர்ட்பிரஸில் இது பாதிதான். நீங்கள் எழுதிய எழுத்து, பொருட்களின் விலை, வாடிக்கையாளர் கருத்து எல்லாம் கோப்புகளில் இல்லை, டேட்டாபேஸில் இருக்கிறது. சிபேனலில் பிஹெச்பிமைஅட்மின் திறந்து, உங்கள் டேட்டாபேஸைத் தேர்ந்து, "எக்ஸ்போர்ட்" கொடுத்தால் ஒரு எஸ்க்யூஎல் கோப்பு இறங்கும். கோப்புகளின் ஜிப்பும் இதுவும் சேர்ந்தால்தான் முழு பேக்அப்.

ஹோஸ்டிங் நிறுவனமே பேக்அப் எடுக்கிறதாம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கட்டணம் கட்டத் தவறிக் கணக்கு மூடப்பட்டால் அந்த நகலும் அதோடு போய்விடும். எடுத்த நகலைத் திறந்து பார்ப்பதும் முக்கியம். ஜிப் திறக்கிறதா, உள்ளே படங்கள் இருக்கின்றனவா, எஸ்க்யூஎல் கோப்பு வெறும் காலியாக இல்லையே என்று பாருங்கள்.

கணினி இல்லை, போன் மட்டும்தான். முடியுமா?

விலை மாற்றுவது, படம் ஏற்றுவது, எழுத்துப்பிழை திருத்துவது எல்லாம் போனிலேயே முடியும். சிஎஸ்எஸ் திருத்த, பேக்அப் இறக்க ஒரு கணினி முன்னால் உட்காருவது நல்லது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் தனிமறைவுப் பக்கத்தில் நுழையுங்கள், பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இறக்கிய கோப்புகளை உங்கள் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

அடுத்த வருஷம் கொடைக் கமிட்டி மாறுகிறது. புதியவர்களிடம் எதை ஒப்படைக்கவேண்டும்?

வரவு செலவு நோட்டோடு இதையும் சேருங்கள். டொமைன் எந்த நிறுவனத்தில், என்று முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, இரண்டும் பதிவான மின்னஞ்சல் எது, அதோடு இணைந்த கைப்பேசி எண் யாருடையது, கடைசி பேக்அப் உள்ள பென் டிரைவ். மின்னஞ்சலைத் தனி ஆளின் பெயரில் வைக்காமல் கோயிலின் பெயரிலேயே உருவாக்குங்கள். பாஸ்வேர்டை அந்த நோட்டில் எழுதவேண்டாம், புதுப் பொருளாளர் முன்னால் உட்கார்ந்து அவரையே மாற்றச் சொல்லுங்கள். அவர் தன் கையால் உள்ளே நுழைந்து, கொடைத் தேதியைத் திருத்தி, தளத்தில் அது மாறியதைத் தன் போனில் பார்த்த பிறகு நீங்கள் எழுந்து வரலாம்.